ரொட்டிப் படகில் பாதிக் குரல்

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

பாதி உடம்பு வெளியே தொங்க, மாடி ஜன்னலிலிருந்து ஜினெவ்ரா கத்தினாள்.

கீழே சந்தில் நின்றிருந்த நான்கு பேரும் சட்டென்று வாயை மூடினார்கள். ஆளுக்கொரு காகிதம் கையில். கை நீட்டினாலும் தொட முடியாத தூரத்தில், ஆளுக்கொரு சுவரோரமாக நின்றிருந்தார்கள். 1630 கோடையில் எங்கள் வெரோனாவில் எல்லோரும் அப்படித்தான் நின்றோம். கொள்ளைநோய் அப்படி நிற்க வைத்திருந்தது.

ஜினெவ்ராவின் வாசல் கதவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பலகைகள். நடுவில் அரக்கு முத்திரை. அவளுடைய கணவன் அன்செல்மோவைக் காய்ச்சலோடு வண்டியில் ஏற்றி, ஆற்று வளைவில் இருக்கும் லாசரெத்தோ என்ற கொள்ளைநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நோயாளி இருந்த வீடு என்பதால் நாற்பது நாளைக்கு அவள் படி இறங்கக் கூடாது. இறங்கினால் சதுக்கத்தில் தூக்கு.

அவர் கடைசியாக எழுதிய பாட்டையாவது அவள் காதால் கேட்கட்டும் என்றுதான் நான்கு பேரும் வந்திருந்தார்கள். ஐந்து குரல் பாட்டு. நான்கு குரல் சந்தில், ஒரு குரல் ஜன்னலில்.

பாட்டு அழகாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாவது அடியில் இடித்தது. மூன்றாவது அடியில் நாய் குரைத்தது.

"இசபெத்தா, நீதான் எங்கயோ தப்பு பண்ற" என்றாள் ஜினெவ்ரா.

"நானா? நல்லா இருக்கே கதை! எழுதியிருக்கறதத்தானேக்கா பாடறேன்?" இசபெத்தா ரொட்டிக்கடைக்காரி. புருவத்தில்கூட மாவு. "அடுப்படியில நின்னு பாடிப் பாடி என் புருஷனுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"மாவுக் கையோட காகிதத்தைத் தொட்டிருப்ப. நாலு சுரம் ஒட்டிக்கிட்டு ரொட்டிக்குள்ள போயிருக்கும்" என்றார் டொன் மத்தியா. அடிக்குரல் பாடும் பாதிரியார். வயிறும் அடிக்குரலுக்கு ஏற்றது.

"போன வாரம் நீங்க கடனுக்கு வாங்கித் தின்னது அந்த ரொட்டிதான் சாமி."

"சண்டை அப்புறம்" என்றாள் ஜினெவ்ரா. "நீ மட்டும் தனியா பாடு இசபெத்தா. எல்லாரும் சும்மா இருங்க."

இசபெத்தா தனியாகப் பாடினாள். ஜினெவ்ரா தன் காகிதத்தை விரித்து, அவள் பாடப் பாட ஒவ்வொரு சுரமாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள்.

விரல் ஓரிடத்திலும் தவறவில்லை.

அதுதான் பயங்கரம். இசபெத்தா பாடியது ஜினெவ்ராவின் குரல். தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் மௌனம் கூடுதல். மற்றதெல்லாம் அச்சு அசல் அதே.

"இது என் குரல்" என்றாள் ஜினெவ்ரா. "ரெண்டு காகிதத்துலயும் என் குரல்தான் இருக்கு. அப்ப அஞ்சாவது எங்க?"

சுவரோரத்தில் நின்ற தாத்தியோ மெல்லக் கல்தரையில் உட்கார்ந்தான். அன்செல்மோவின் தம்பி. நடுக்குரல் பாடுகிறவன். அண்ணன் எழுதுவதை எல்லாம் நகல் எடுக்கிறவனும் அவன்தான்.

"அண்ணி…" என்றான். அதற்கு மேல் வரவில்லை.

ஐந்து குரல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அன்செல்மோ எழுதுவது வார்னிஷ் பூசிய பலகையில். அதிலிருந்து ஒவ்வொரு குரலையும் தனித்தனிக் காகிதத்தில் நகல் எடுப்பார்கள். பாடுகிறவர் கையில் அவரவர் குரல் மட்டும்தான். முழுப் பாட்டு பலகையில் மட்டும். நகல் முடிந்ததும் ஈரப் பஞ்சால் பலகையைத் துடைத்துவிடுவார்கள். பலகை அடுத்த பாட்டுக்கு வேண்டும். துடைக்காமல் விட்டால் வேறு எவனாவது பார்த்துத் திருடிவிடுவான். எங்கள் இசைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

இந்தப் பாட்டில் மேல்குரல் இரண்டு. முதல் குரல் ஆரம்பித்த மெட்டிலேயே, ஒரு மூச்சு தள்ளி, இரண்டாவது குரலும் ஆரம்பிக்கிறது. பலகையில் இரண்டும் அடுத்தடுத்த வரி. தாத்தியோவின் கண் ஒரு வரி மேலே வழுக்கியிருக்கிறது. முதல் குரலையே இரண்டு முறை எழுதிவிட்டான்.

"பலகை?" என்றாள் ஜினெவ்ரா.

"தொடைச்சிட்டேன் அண்ணி. அன்னைக்கே தொடைச்சிட்டேன்."

தெருக்கோடியில் பிண வண்டியின் மணி சத்தம் வந்து, அடங்கியது.

ஃபுல்வியோதான் முதலில் தொண்டையைச் செருமினார். அவரும் பாட்டு எழுதுகிறவர். அன்செல்மோவும் அவரும் ஒரே தேவாலயத்தின் இசைப் பதவிக்குப் போட்டி போட்டு, ஃபுல்வியோ ஜெயித்து, இரண்டு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்து, இந்தச் சாவுகள் வந்த பிறகுதான் மறுபடி பேச ஆரம்பித்தவர்கள்.

"நாலு குரல் இருக்கும்மா. அதை வெச்சு அஞ்சாவது என்னவா இருந்திருக்கும்னு ஒரு மாதிரி போட்டுடலாம். நான் போட்டுத் தரேன்."

"ஒரு மாதிரி வேண்டாம்" என்றாள் ஜினெவ்ரா.

அவளுக்கு ஏன் வேண்டாம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்தாவது குரல் ஒர்சோலா.

ஒர்சோலா அவர்களுடைய ஒரே மகள். பதினாறு வயது. வசந்தத்தின் முடிவில் இறந்துபோனாள். அம்மாவும் மகளும் ஊரில் எந்த விருந்துக் கூடத்திலும் சேர்ந்துதான் பாடுவார்கள். ஒர்சோலாவுக்கு எதிலும் தாமதம். பூசைக்குப் போகும்போது ஜினெவ்ரா கல்பாலத்தின் நடுவில் நின்று, திரும்பிப் பார்த்து, "வாடி சீக்கிரம்! கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் வருவியா?" என்று கத்துவது தினசரிக் காட்சி. செருப்பு வாரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் ஓடி வரும். பாட்டிலும் அப்படியே. ஒரு மூச்சு தள்ளித்தான் ஆரம்பிப்பாள். ஆனால் கடைசிச் சுரத்தில் எப்படியோ மூச்சு வாங்க வந்து அம்மாவோடு சேர்ந்துவிடுவாள். அன்செல்மோ அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

மகள் போன பிறகு அவர் சிரிக்கவில்லை. பலகையும் கையுமாகவே இருந்தார்.

"இதுல ஒர்சோலா இருக்கா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "நீ முன்னால போவ. அவ பின்னால வருவா."

"கடைசில? வந்து சேந்துடுவாளா?"

"பாடும்போது தெரிஞ்சுக்க."

எந்தப் பாட்டையும் முன்கூட்டிச் சொல்லாத மனுஷன். அவரைத்தான் இப்போது வண்டியில் கொண்டுபோயிருந்தார்கள். முழுப் பாட்டும் இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. காய்ச்சல் அடிக்கும் அவர் தலையில்.

"அவர்கிட்டயே கேக்கறேன்" என்றாள் ஜினெவ்ரா.

"கதவுல முத்திரை இருக்கும்மா. கயிறு தயாரா தொங்குது சதுக்கத்துல" என்றார் ஃபுல்வியோ.

"கதவு வழியா யார் போறா?"

இசபெத்தா மேலே பார்த்தாள். பிறகு மூன்று ஆண்களையும் பார்த்தாள்.

"லாசரெத்தோவுக்கு ரொட்டி போறது எங்க அடுப்புலேர்ந்துதான். காலைல படகு உங்க வீட்டுப் பின்பக்கக் கால்வாய் வழியாத்தான் போகுது. நீங்க கூடை மாதிரி கம்முனு உக்காந்திருந்தா கொண்டுபோய்ச் சேத்துடுவேன்க்கா. சாமி, நீங்க இதைக் கேக்கல."

"நான் அடிக்குரல்" என்றார் டொன் மத்தியா. "மேல பேசறது எனக்கு எப்பவுமே கேக்காது."

மறுநாள் காலை, பின்பக்க ஜன்னலில் படுக்கை விரிப்பைக் கட்டி ஜினெவ்ரா இறங்கினாள். தாத்தியோ துடுப்போடு படகின் நடுவில் இருந்தான். இசபெத்தா ஒரு கோடி, ஜினெவ்ரா மறு கோடி. நடுவில் ரொட்டி மூட்டைகள். ஜினெவ்ராவின் தலையில் ரொட்டிக்கடை முக்காடு.

கால்வாய் முடிந்து ஆதிஜே ஆற்றில் படகு விழுந்தது. நீர்வாசல் காவலாளி ரொட்டியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆற்றை மறித்த சங்கிலியை இறக்கினான். லாசரெத்தோவுக்குப் போகும் படகை எவனும் சோதனை போடுவதில்லை.

"அண்ணி, ஒரு வார்த்தை திட்டிடுங்களேன்" என்றான் தாத்தியோ துடுப்பு போட்டுக்கொண்டே.

"துடுப்பைப் போடு."

"ஒரே ஒரு வார்த்தை."

"உங்க அண்ணன் திட்டுவார். என்னை விட நல்லா திட்டுவார். பேசாம போடு."

லாசரெத்தோ ஆற்றங்கரையில் நீளமான சுவர். சுவரில் உயரத்தில் கம்பி போட்ட ஜன்னல்கள். படித்துறையில் ஒரு கல்மேடை. ரொட்டியை அதில் வைத்துவிட்டுப் படகு விலகிப் போக வேண்டும். அதன்பிறகுதான் உள்ளேயிருந்து ஆள் வந்து எடுப்பான்.

காவலாளி ஸெனோ சுவரோரம் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் தின்றுகொண்டிருந்தான்.

"யாரு அது, புது ஆளு?"

"பாட்டு எழுதறவர் அன்செல்மோ இருக்காருல்ல, அவர் சம்சாரம்" என்றாள் இசபெத்தா. "சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவாங்க. மூட்டைல உனக்குன்னு ஒரு பன்றிக்கறி ரொட்டி தனியா இருக்கு."

ஸெனோ மூட்டையைப் பார்த்தான். ஜினெவ்ராவைப் பார்த்தான்.

"படகை விட்டு இறங்கக் கூடாது. இங்கேர்ந்து ஒரு துண்டுக் காகிதம் வெளிய போகக் கூடாது. பேசறதுன்னா பேசிக்கங்க. பேச்சுக்கு இன்னும் யாரும் நோய் போக வினிகர் தெளிக்கச் சொல்லல."

அவன் உள்ளே போய்க் குரல் கொடுத்தான். வெகுநேரம் கழித்து மூன்றாவது ஜன்னலில் ஒரு முகம் வந்தது. ஜினெவ்ராவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி, கழுத்தில் கட்டு. கம்பியைப் பிடித்த விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ஏங்க!"

"பைத்தியக்காரி! கதவுக்கு முத்திரை வெக்கலயா?"

"வெச்சாங்க. நான் ஜன்னல்ல வந்தேன்."

ஜன்னலில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. பிறகு இருமல்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கட்டி உடைஞ்சிடுச்சு. அது நல்லதுன்னு சொல்றாங்க. சொல்றவனும் படுத்துக்கிட்டுத்தான் சொல்றான். நீ எதுக்கு வந்த? அத சொல்லு."

"அஞ்சாவது குரல் போயிடுச்சுங்க."

"போயிடுச்சுன்னா?"

"என் குரலையே ரெண்டு தடவை எழுதியாச்சு. பலகையும் தொடைச்சாச்சு."

அன்செல்மோ கம்பிக்கு நடுவே படகை உற்றுப் பார்த்தார்.

"தாத்தியோவா?"

"நான்தான் அண்ணா!" படகில் மண்டியிட்டு எழுந்தான் தாத்தியோ. படகு ஆடியது.

"கழுதை! ரெண்டு காலு கழுதை! முப்பது வயசுல வரி பாத்து எழுதத் தெரியல. உனக்குக் கண்ணு எதுக்கு, கண்ணாடி கடைக்கு விளம்பரமா?" மூச்சு வாங்கியது. "ஒழுங்கா சாப்பிடறியா?"

தாத்தியோ முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"ஜினெவ்ரா" என்றார் மேலேயிருந்து. "உன் குரலைப் பாடு. மெதுவா பாடு. உன்னோடது காதுல விழுந்தாத்தான் அவளோடது எனக்கு வரும்."

அவள் பாடினாள்.

*முன்னே போகிறவளே, மெல்லப் போ…*

ஒரு மூச்சு தள்ளி ஜன்னலிலிருந்து அவர் சேர்ந்துகொண்டார். உடைந்த குரல். பெண் குரலுக்கு எழுதியதைக் கீழே இறக்கிப் பாடினார். ஆனால் சுரத்தில் பிசகு இல்லை. முதல் அடி அதே மெட்டு. இரண்டாவது அடியில் ஒர்சோலா அம்மாவின் வழியிலிருந்து விலகிப்போனாள். எங்கோ வேடிக்கை பார்த்தாள். ஜினெவ்ரா ஒரு சொல்லை முடித்த இடத்தில் அதே சொல்லை எடுத்துக்கொண்டு ஓடினாள். நின்றாள். மறுபடி பின்தங்கினாள்.

ஜினெவ்ரா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். இது அவளேதான். செருப்பு வாரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற அதே பெண்.

"அழாத. அழுதா சுரம் கீழ இறங்கிடும். திரும்ப மொதல்லேர்ந்து."

திரும்பப் பாடினார்கள். இசபெத்தா மறு கோடியில் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, அவர் பாடுவதை மனதில் வாங்கிக்கொண்டிருந்தாள். காகிதம் கூடாது. தலையில்தான் கொண்டுபோக வேண்டும். லாசரெத்தோவின் மற்ற ஜன்னல்களில் ஒவ்வொன்றாக முகங்கள் வந்தன. ஸெனோ வெங்காயத்தைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

*பொழுது சாய்கிறது, நானும் வருகிறேன்…*

அந்த அடி முடிந்தது. பாட்டில் மிச்சம் ஒரே ஓர் அடி. *பாலத்தில் காத்திரு.*

ஜினெவ்ரா அதைத் தொடங்கினாள். ஜன்னலில் குரல் இல்லை.

"ஏங்க?"

அவர் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

"மூச்சு வரலடி. மிச்சம் நாளைக்கு. கடைசி அடி மட்டும்தானே. நாளைக்கு வா."

"அதை மட்டும் சொல்லிடுங்களேன். கடைசில அவ வந்து சேர்றாளா, இல்லையா?"

அவர் தலையை உயர்த்தினார். அந்தச் சிரிப்பு, மகள் போனபின் காணாமல் போயிருந்த அந்தப் பழைய சிரிப்பு, தாடிக்குள் ஒரு கணம் தெரிந்தது.

"பாடும்போது தெரிஞ்சுக்க" என்றார்.

எதிர்நீரில் திரும்பி வரும் வழி முழுக்க இரண்டு பெண்களும் அந்த அடிகளையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி மறந்தால் ஒருத்தி பிடித்தாள். நீர்வாசலில் சங்கிலியை இறக்கியவன், "ரொட்டி வித்த காசுல நல்ல சரக்கா?" என்று கேட்டான். இசபெத்தா பாட்டை நிறுத்தாமலே அவனுக்கு ஒரு கையசைப்பு கொடுத்தாள். அது மரியாதையான கையசைப்பு அல்ல.

மறுநாளும் விரிப்பு, ஜன்னல், படகு.

மூன்றாவது ஜன்னலில் ஏற்கனவே ஒரு முகம் இருந்தது. ஜினெவ்ரா கையை உயர்த்தினாள். உயர்த்திய கை பாதியிலேயே நின்றது.

வேறு யாரோ ஒருவர்.

ஸெனோ எழுந்து தொப்பியைக் கழற்றினான். அந்தக் கோடையில் அவன் யாருக்காகவும் தொப்பியைக் கழற்றியிருக்க மாட்டான்.

"விடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சும்மா."

தாத்தியோ துடுப்பை விட்டுவிட்டான். படகு தானாகச் சுழன்று படித்துறைக் கல்லில் இடித்தது. ஜினெவ்ரா அழவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸெனோ என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கஷ்டப்படலம்மா. கடைசி வரைக்கும் பாடிக்கிட்டேதான் இருந்தார். நேத்து நீங்க பாடினீங்களே, அதுல விட்ட இடத்துலேர்ந்து. மனைவி காலைல வருவா, அதுக்குள்ள தொண்டையைச் சரி பண்ணணும்னு சொல்லிட்டுத் திரும்பத் திரும்ப அதையேதான்."

ஜினெவ்ரா எழுந்தாள். படகு சாய்ந்தது.

"கேட்டீங்களா? கடைசி அடியைக் கேட்டீங்களா?"

"பக்கத்துலதானேம்மா உக்காந்திருந்தேன்."

"பாடுங்க."

"என்னது?"

"அவர் பாடினதை அப்படியே பாடிக் காட்டுங்க. வார்த்தை வேண்டாம். மெட்டு போதும். உங்க கால்ல விழறேன், பாடுங்க!"

ஸெனோ இசபெத்தாவைப் பார்த்தான். தாத்தியோவைப் பார்த்தான். தப்பிக்க வழி இல்லை. தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தான்.

வந்தது, ஊரில் ஒவ்வொரு சாராயக் கடையிலும் அறுவடைக் காலத்தில் பாடுகிற ஒரு பாட்டு. அதிலும் சுரம் தப்பி.

அவனே பாதியில் நிறுத்திவிட்டான்.

"எனக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதாம்மா" என்றான். கண் கலங்கியிருந்தது. "கேக்கும்போது நல்லா இருந்தது. ரொம்ப நல்லா இருந்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

"முடியும்போது எப்படி இருந்தது? யாரோ ஓடி வந்து சேந்த மாதிரி இருந்ததா? இல்ல, வராமலே நின்னுபோன மாதிரியா?"

ஸெனோ நிஜமாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, ஆற்றைப் பார்த்து, வெகுநேரம் யோசித்தான்.

"தெரியலம்மா" என்றான்.

நாற்பது நாள் முடிந்து கதவில் அடித்த பலகைகளைப் பிடுங்கினார்கள். ஜன்னல் வழியாக அவள் போனது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. திராட்சை அறுவடை வந்தது. பறிக்க ஆளில்லாமல் பாதிப் பழம் கொடியிலேயே புளித்தது. இலையுதிர் காலத்தில் நோய் தணிந்து, மிஞ்சியவர்கள் ஆள் குறைந்த தெருக்களில் மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் ஃபுல்வியோ பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அன்செல்மோவின் அதே பலகை. தாத்தியோவிடமிருந்து வாங்கியிருந்தார். அதில் நான்கு குரல்களையும், இரண்டு பெண்களும் தலையில் சுமந்து வந்த பாதிக் குரலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. நீ வேண்டாம்னுதான் சொன்ன. கை சும்மா இருக்கல. கடைசி அடியைப் போட்டிருக்கேன். ஒரு தடவை கேளு. பிடிக்கலன்னா உன் எதிர்லயே தொடைச்சிடறேன்."

அவர் காட்டிய இடத்தில் ஜினெவ்ரா முதன்முதலாக ஒன்றைப் பார்த்தாள். அதுவரை தன் காகிதத்தில் மட்டும் பார்த்தபோது புரியாதது. கடைசிச் சொல் 'காத்திரு'. நடுக்குரல், ஃபுல்வியோ பாடும் குரல், அடிக்குரல் மூன்றும் அதை முடித்து நிறுத்திவிடுகின்றன. அவளுடைய குரல் மட்டும் அந்தக் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும், தனியாக, நீளமாக.

"இது எதுக்கு இவ்வளவு நீளம்னு நானும் யோசிச்சேன்" என்றார் ஃபுல்வியோ. "அப்புறம்தான் புரிஞ்சது. அந்த இடத்துல நீ நிக்கற. அவளுக்காக. அதனால நான் அவளை அங்க கொண்டுவந்து சேத்துட்டேன். கேளு."

அவர் பாடிக் காட்டினார். நன்றாக இருந்தது. அன்செல்மோவுக்குச் சமமாக எழுதத் தெரிந்த மனிதர். ஜினெவ்ராவின் நீண்ட சுரத்துக்குக் கீழே ஒர்சோலா படிப்படியாக ஏறி வந்து, கடைசியில் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். வாசலில் நின்ற தாத்தியோ மூக்கை உறிஞ்சினான்.

ஜினெவ்ரா முழுவதையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழகா இருக்கு. தொடைச்சிடுங்க."

"ஏம்மா? அவர் இப்படித்தான் எழுதியிருப்பார்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நீங்க கொண்டுவந்து சேத்தது நல்ல பொண்ணு. ஆனா அவ என் பொண்ணு இல்ல." அவள் அந்த நீண்ட சுரத்தின் மேல் விரலை வைத்தாள். "நிக்கச் சொல்லியிருக்கார். எனக்குன்னு எழுதினது அவ்வளவுதான். அது வரைக்கும் நான் பாடறேன்."

ஃபுல்வியோ வாதாடவில்லை. பஞ்சை நனைத்து, தான் எழுதிய அந்தக் கடைசி அடியை மட்டும் துடைத்தார். துடைக்கும்போது அவர் முகம், சொந்தப் பிள்ளையை வெளியே அனுப்புகிறவர் முகம் மாதிரி இருந்தது.

தாத்தியோ ஐந்து காகிதங்களையும் புதிதாக நகல் எடுத்தான். ஒவ்வொரு வரிக்கும் கீழே அளவுகோலை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. ஐந்தாவது காகிதத்தில் கடைசி அடிக்கு வெறும் கோடுகளைப் போட்டு அப்படியே விட்டான். முடித்துவிட்டு, பலகையை அவன் துடைக்கவில்லை. அது இன்றைக்கும் அவன் வீட்டுச் சுவரில் துணி மூடி மாட்டியிருக்கிறது.

இறந்தவர்களை நினைக்கும் எல்லா ஆன்மாக்களின் திருநாள் மாலை, ஒரு பெரிய வீட்டின் கூடத்தில் பாடினார்கள். வந்திருந்தவர்களில் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தாதவர் ஒருவரும் இல்லை. முன்பு நாற்காலி போதாமல் நிற்பார்கள். இப்போது ஆளுக்கு இரண்டு நாற்காலி இருந்தது.

டொன் மத்தியா ஆரம்பிக்கும் முன் இசபெத்தாவின் காதருகே குனிந்தார்.

"மாவு ஒட்டல இல்ல?"

"உங்க மூக்குலதான் இருக்கு சாமி."

பாட்டு தொடங்கியது. *முன்னே போகிறவளே, மெல்லப் போ.* ஜினெவ்ரா முன்னால் போனாள். ஒரு மூச்சு தள்ளி இசபெத்தா. விலகினாள், ஓடினாள், நின்றாள், பின்தங்கினாள். கூடத்தில் ஒர்சோலாவை அறிந்தவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சொல்லாமலே தெரிந்துவிட்டது.

*பொழுது சாய்கிறது, நானும் வருகிறேன்.*

அதோடு இசபெத்தா காகிதத்தைத் தாழ்த்தினாள். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

மற்ற நால்வரும் கடைசி அடிக்குள் போனார்கள். *பாலத்தில் காத்திரு.* நான்கு குரலுக்கு நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது. வீட்டில் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி. அடிக்குரல் நின்றது. ஃபுல்வியோ நிறுத்தினார். தாத்தியோ நிறுத்தினான்.

ஜினெவ்ராவின் சுரம் மட்டும் தனியாக நின்றது.

எழுதியிருந்த அளவு முடிந்தது. அவள் விடவில்லை. ஃபுல்வியோ அவளைப் பார்த்தார். அவள் விடவில்லை. குரல் மெலிந்தது, நூலானது, நெஞ்சில் மிச்சமிருந்த கடைசி மூச்சு வரை அதைப் பிடித்திருந்தாள்.

மூச்சு தீர்ந்தது.

யாரும் கை தட்டவில்லை. கூடத்தில் ஒருவர் இருமினார். அவ்வளவுதான்.

ஜினெவ்ரா காகிதத்தை மடிக்காமல் அப்படியே நின்றாள். பிறகு, பாலத்தின் நடுவில் நின்று எப்போதும் செய்வதுபோல், தலையை மட்டும் திருப்பி, பின்னால் திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.